லெவிட்டவுனில் ஒரு காலை நடை

தில்லியில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் காலம் தள்ளிய நம்மவர்களுக்கு ஒரே மாதிரி வீடுகள் என்பது புதிய விஷயமல்ல. ஆர்.கே. புரமாகட்டும், சரோஜினி நகராகட்டும், ஒரு வீட்டில் சமையலறை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அந்த டைப் வீடுகள் அத்தனையிலும் கண்ணை மூடிக்கொண்டு காபி போட்டுவிடலாம். சுண்ணாம்பு அடிப்பதிலிருந்து குழாய் மாற்றுவது வரை எல்லாம் சி.பி.டபிள்யூ.டி.யின் தயவு. சுவரில் புதிதாக ஒரு அலமாரி பதிக்க வேண்டுமென்றால்கூட யோசிப்போம். ஓய்வு பெற்றதும் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

முப்பது வருஷம் அப்படி வாழ்ந்தவன் நான். நியூயார்க் அருகே மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது, "அப்பா, இங்கே பக்கத்திலேயே 17,000 வீடுகளை ஒரே அச்சில் வார்த்த மாதிரிக் கட்டின ஊர் ஒன்று இருக்கிறது, பார்க்கிறீர்களா?" என்று மகள் கேட்டாள். பார்க்காமல் வர மனம் வருமா?

அந்த ஊரின் பெயர் லெவிட்டவுன். மன்ஹாட்டனுக்குக் கிழக்கே சுமார் 30 மைல் தொலைவில், லாங் ஐலண்ட் என்னும் நீண்ட தீவில் இருக்கிறது. மகள் இருப்பது அதற்கு வடக்கே ஒட்டினாற்போல் உள்ள ஹிக்ஸ்வில். அங்கே நம் நாட்டு மளிகைக் கடைகளும், புடவைக் கடைகளும், தோசை கிடைக்கும் ஹோட்டல்களும் வரிசையாக இருக்கின்றன. கறிவேப்பிலைக்குப் பஞ்சமில்லை. ஒரு மே மாதக் காலையில் மாப்பிள்ளை என்னைக் காரில் கொண்டுபோய், ஹெம்ப்ஸ்டெட் டர்ன்பைக் என்ற பெருஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு சிறு தெருவில் இறக்கிவிட்டார். "இரண்டு மணி நேரம் கழித்து வருகிறேன் மாமா, தாராளமாகச் சுற்றிப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் ஏற்பட்டது ஏமாற்றம்தான். ஒரே மாதிரி வீடுகள் எங்கே? ஒரு வீட்டுக்கு முன்னால் வெள்ளைத் தூண்கள் நிற்கின்றன. அடுத்த வீட்டு முகப்பில் கல் பதித்திருக்கிறார்கள். அதற்கடுத்தது இரண்டு மாடி, பக்கத்தில் பெரிய கார் ஷெட். எதிர் வரிசையில் ஒன்று பச்சை, ஒன்று சாம்பல், ஒன்றில் மரவேலி, ஒன்றில் வேலியே இல்லை. தெருக்களும் நம் சண்டிகர் போல நேர்கோடாக இல்லாமல் பாம்பு மாதிரி வளைந்து போகின்றன. அடுத்த முனையில் என்ன வரும் என்று தெரிவதில்லை.

பத்துப் பன்னிரண்டு வீடுகள் தாண்டிய பிறகு கண் பழகியது. எல்லா வீடுகளும் சாலையிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் உட்கார்ந்திருக்கின்றன. மனைகளின் அகலமும் ஒன்றுபோலவே இருக்கிறது. மாடி எழுப்பிய வீட்டைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், பழைய கூரையின் செங்குத்தான சரிவு புதுச் சுவருக்குள்ளே எலும்பு மாதிரித் தெரிகிறது. தூண் வைத்த மாளிகைக்குள்ளும் கல் பதித்த பங்களாவுக்குள்ளும் இருப்பது அதே சின்ன வீடுதான். அதைக் கண்டுபிடித்த பிறகு நடை ஒரு விளையாட்டாகிவிட்டது. ஒவ்வொரு வீட்டின் முன்பும் நின்று, இதில் பழையது எது, பின்னால் வந்தது எது என்று மனத்துக்குள் பிரித்துக்கொண்டே போனேன். ஜன்னல் வழியாக ஒரு அம்மாள் சந்தேகத்தோடு பார்த்ததும் நடையை எட்டிப் போட்டேன்.

அந்தச் சின்ன வீட்டின் கதை இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு தொடங்குகிறது. போரிலிருந்து லட்சக்கணக்கில் திரும்பிய இளைஞர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள், குழந்தைகள் பிறந்தன. குடியிருக்க வீடு இல்லை. பெற்றோர் வீட்டில் ஓர் அறையிலும், ராணுவம் விட்டுப்போன தகரக் கொட்டகைகளிலும் குடித்தனம் நடத்தினார்கள். போர்வீரர்களின் வீட்டுக் கடனுக்கு அரசே உத்தரவாதம் தரும் சட்டம் 1944-ஆம் ஆண்டே வந்திருந்தது. கடன் தயார், வீடுதான் இல்லை.

இந்த இடத்தில் நுழைந்தவர்கள் லெவிட் குடும்பத்தார். தந்தை ஏப்ரஹாம், வியாபாரத்தைப் பார்த்துக்கொண்ட மூத்த மகன் வில்லியம், வீடுகளை வடிவமைத்த இளைய மகன் ஆல்ஃபிரட். லாங் ஐலண்டில் அப்போது உருளைக்கிழங்கு விளைந்த வயல்கள்தான் பெரும்பாலும். அந்தச் செடியின் வேரைத் தாக்கும் ஒருவகை நூற்புழு பரவியிருந்ததால், விவசாயிகளுக்கும் நிலத்தை விற்பதில் பெரிய தயக்கம் இருக்கவில்லை. 1947-ஆம் ஆண்டு மே மாதம், 2,000 வீடுகள் கட்டி வாடகைக்கு விடப்போவதாக லெவிட் கம்பெனி அறிவித்தது. இரண்டே நாளில் பாதி வீடுகளுக்கு ஆள் வந்துவிட்டது. அதே வருஷம் அக்டோபர் முதல் தேதி முதல் குடும்பங்கள் பால் காய்ச்சாத குறையாகக் குடிபுகுந்தன. பிறகு நிறுத்தவே இல்லை. 1951-இல் கட்டி முடித்தபோது கணக்கு 17,447 வீடுகள்.

இவ்வளவு வேகம் எப்படி வந்தது? கார்த் தொழிற்சாலையில் கார் நகரும், தொழிலாளி நிற்பார். லெவிட் அதைத் தலைகீழாகத் திருப்பினார். வீடு நகராது, ஆட்கள் நகர்வார்கள். வீடு கட்டும் வேலையை 27 படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு குழு. தளம் போடுகிறவர்கள் தளம் மட்டுமே போடுவார்கள். ஒரு நிறத்தை அடிக்கிறவர் அந்த நிறத்தோடு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். முன்கூட்டியே அளவாக அறுத்த மரக்கட்டைகளை 60 அடிக்கு ஒரு கட்டாக லாரிகள் இறக்கிவிட்டுப் போகும். மனையின் அகலம் 60 அடி. கலிபோர்னியாவில் சொந்த மர ஆலை, ஆணி செய்யக்கூடச் சொந்த ஏற்பாடு. வேலை உச்சத்தில் இருந்தபோது ஒரு நாளைக்கு 30 வீடுகளுக்கு மேல் முடிந்தன. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொன்ன நம் பெரியவர்கள் இதைக் கண்டிருந்தால் பழமொழியில் பாதியைத் திருத்தியிருப்பார்கள்.

முதலில் வந்த வீட்டுக்குக் கேப் காட் என்று பெயர். 25 அடிக்கு 30 அடி. ஆக 750 சதுர அடியில் ஒரு ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை, குளியலறை. மனை 60 அடிக்கு 100 அடி. அமெரிக்க வீடுகளில் வழக்கமாக இருக்கும் நிலவறை கிடையாது. அதற்காக ஹெம்ப்ஸ்டெட் ஊராட்சி தன் கட்டட விதியையே மாற்ற வேண்டியிருந்தது. மண்மேல் நேராகக் கான்கிரீட் தளம், குளிருக்கு அந்தத் தளத்துக்குள்ளேயே வெந்நீர்க் குழாய்கள். சமையலறையில் அடுப்பு, ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் வைத்தே கொடுத்தார்கள். வாடகை மாதம் 60 டாலர். 1949-இல் வந்த ராஞ்ச் மாடல் இன்னும் கொஞ்சம் சொகுசு. சமையலறை தெருப்பக்கம், ஹால் பின்பக்கம், அங்கே தோட்டத்தைப் பார்த்துப் பெரிய கண்ணாடி ஜன்னல். விலை 7,990 டாலர், போர்வீரர்கள் முன்பணம் கட்ட வேண்டியதில்லை. 1950 மாடலில் மாடிப்படிச் சுவரிலேயே டெலிவிஷன் பதித்துக் கொடுத்தார்கள். வியாபாரி என்றால் அவரல்லவா வியாபாரி!

வீட்டோடு சட்டதிட்டங்களும் வந்தன. வேலி போடக்கூடாது. புல்லை வாரம் ஒருமுறை வெட்ட வேண்டும். கொடி கட்டித் துணி உலர்த்தக் கூடாது, குடை மாதிரிச் சுழலும் கம்பியில்தான் உலர்த்தலாம், அதுவும் வார நாட்களில் மட்டும். பால்கனிக்குப் பால்கனி புடவை பறக்கும் நம் தில்லி காலனிகளை ஏப்ரஹாம் லெவிட் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! தோட்டம்தான் அந்தப் பெரியவரின் பைத்தியம். மரம், புதர்ச்செடி எல்லாம் அவர் பொறுப்பு. குடியிருப்பவர்களுக்குப் புல் வளர்ப்பது பற்றி உள்ளூர்ப் பத்திரிகையில் பாடமே எழுதினார். நான் நடந்த தெருவில் அன்று குச்சியாக நட்ட மரங்கள் இன்று கூரைக்கு மேலே கவிந்து நிழல் தருகின்றன.

அறிஞர்களுக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை. நகரமைப்பு பற்றி நிறைய எழுதிய லூயிஸ் மம்ஃபோர்ட் போன்றவர்கள், ஒரே மாதிரி வீட்டில் ஒரே மாதிரி மனிதர்களை அடைக்கிறார்கள் என்று கண்டித்தார்கள். கொஞ்ச நாளில் சேரியாகிவிடும் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் கணக்கில் விட்டுப்போனது மச்சு.

கேப் காட் வீட்டின் நடுவே ஒரு மாடிப்படி உண்டு. அது கூரைக்கு அடியில் உள்ள வெறும் மச்சுக்குப் போகும். பலகை அடிக்கவில்லை, அறை தடுக்கவில்லை. உன் கையில் பணமும் நேரமும் வரும்போது நீயே முடித்துக்கொள் என்று விட்டுவைத்திருந்தார்கள். இரண்டாவது குழந்தை பிறந்ததும் அப்பா சுத்தியலோடு மச்சுக்கு ஏறினார். மூன்றாவது வந்ததும் கூரையைத் திறந்து, நிமிர்ந்து நிற்கும்படி ஜன்னலோடு ஒரு தூக்கல். இதை அங்கே டார்மர் என்கிறார்கள். பிறகு பக்கத்தில் கார் ஷெட். கொஞ்ச நாளில் அந்த ஷெட்டே ஓர் அறை. பின்னால் சமையலறையை நீட்டினார்கள். வேலி போடாதே என்ற விதி காற்றில் போய் வேலிகள் முளைத்தன. சுவரெல்லாம் வினைல் பலகை ஏறியது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. வீடுகள் ஒரே மாதிரி இருந்ததால்தான் அவை இவ்வளவு சுலபமாக மாறின. எதிர்வீட்டுக்காரர் மச்சில் இரண்டு அறை போட்டால், அவருடைய அளவு அப்படியே என் வீட்டுக்கும் பொருந்தும். எந்தச் சுவரை இடிக்கலாம், எதைத் தொட்டால் கூரை இறங்கும் என்று ஒருவர் கற்றுக்கொண்டால் தெருவே கற்றுக்கொள்ளும். லெவிட் வீட்டை எப்படிப் பெரிதாக்கலாம் என்று யோசனை சொல்வதற்கென்றே 'தௌசண்ட் லேன்ஸ்' என்ற பத்திரிகை 1950-களில் வெளிவந்தது. பார்பரா கெல்லி என்ற ஆய்வாளர் 1993-இல் இந்த ஊரின் வீடுகள் கட்டப்பட்டதையும் திருத்திக் கட்டப்பட்டதையும் பற்றி ஒரு தனி நூலே எழுதியிருக்கிறார். சொந்த வீடும் மனையும் உள்ளவன் கம்யூனிஸ்டாக முடியாது, அவனுக்கு அவ்வளவு வேலை இருக்கும் என்று வில்லியம் லெவிட் சொன்னதாகப் பிரசித்தம். அரசியல் எப்படியோ, வேலை இருந்தது உண்மை. நம் டி.டி.ஏ. ஃபிளாட்டுகளிலும் பால்கனியை மூடி அறையாக்கும் கலை உண்டுதான். ஆனால் அங்கே மேல்வீட்டுக்காரர், கீழ்வீட்டுக்காரர், மாநகராட்சி நோட்டீஸ் என்று ஆயிரம் வில்லங்கம். தன் மண்ணில் தனியாக நிற்கும் வீட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு.

இரண்டு மணி நேரம் கழித்து வந்த மாப்பிள்ளை, அதே ஊரில் வீடு வாங்கியிருக்கும் தமக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்திடம் அழைத்துப் போனார். வாசலில் சின்னதாக ஒரு கோலம். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய இரண்டு மாடி வீடு. அந்தப் பெண் உள்ளே வந்ததும் நேரே மாடிப்படியருகே கூட்டிக்கொண்டு போனாள். "மாமா, இந்தப் படி மட்டும்தான் 1948-இல் போட்டது. மற்றதெல்லாம் எங்களுக்கு முன்னால் இருந்த மூன்று குடும்பங்கள் மாற்றினது. பாக்கியை நாங்கள் மாற்றினோம்" என்றாள். படி குறுகல்தான். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும்.

அவர்கள் மாற்றியது கீழ்த்தளத்தில் பின்பக்கம். ஓர் அறை, அதை ஒட்டிக் குளியலறை, சின்னதாக ஒரு சமையல் மேடை. ஊரிலிருந்து வரும் மாமியாருக்காக. லாங் ஐலண்டில் இப்படிப் பெற்றோருக்கு இடம் ஒதுக்கிய வீட்டை 'மதர்-டாட்டர்' வீடு, அதாவது தாய்-மகள் வீடு என்கிறார்கள். ஊராட்சியில் தனி அனுமதி வாங்க வேண்டும். வெளியாருக்கு வாடகைக்கு விடக்கூடாது. "இங்கே மாமியார்-மருமகள் வீடு என்று பெயரை மாற்றச் சொல்லி மனுக் கொடுக்கலாமா என்று பார்க்கிறேன்" என்று அந்தப் பெண் சிரித்தாள். அங்கிருந்த மாமியாரும் சிரித்தார்.

ஹாலில் உட்கார்ந்து காபி குடிக்கும்போதுதான் 25-ஆவது ஷரத்து பற்றிப் பேச்சு வந்தது. லெவிட் கம்பெனி ஆரம்பத்தில் எழுதிக்கொடுத்த வாடகைப் பத்திரத்தில் அது இருந்தது. காகேசிய இனத்தவர் தவிர வேறு எவரும் இந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது. வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் விலக்கு. பத்திரத்தின் மற்ற வாசகங்களைவிட அழுத்தமாகப் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். போரில் சண்டையிட்டுத் திரும்பிய கறுப்பினச் சிப்பாய்க்கும் இதே பதில்தான். கடனுக்கு உத்தரவாதம் தந்த மத்திய அரசின் வீட்டுவசதி நிர்வாகமும் அந்தக் காலத்தில் இத்தகைய பிரிவினையையே விரும்பியது. லெவிட் குடும்பத்தார் யூதர்கள், ஒதுக்கப்படுவது என்றால் என்னவென்று அறியாதவர்கள் அல்ல. வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்கலாம், இனப் பிரச்சினையைத் தீர்க்கலாம், இரண்டையும் சேர்த்துத் தீர்க்க முடியாது என்பது வில்லியம் லெவிட்டின் வாதம். எனக்கு அது வியாபாரியின் சமாதானமாகத்தான் படுகிறது.

"நாம் அப்போது வந்திருந்தால் எந்தக் கணக்கில் சேர்த்திருப்பார்கள் மாமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். கேள்வி வேடிக்கையானதல்ல. 1923-இல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர், தாமும் காகேசிய இனமே என்று வாதாடிக் குடியுரிமை கேட்டபோது, சாதாரண மனிதர் புரிந்துகொள்ளும் பொருளில் இவர் வெள்ளையர் அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. 1946-இல்தான் இந்தியர்கள் குடியுரிமை பெற வழி பிறந்தது. அப்போதும் இந்தியாவிலிருந்து வருஷத்துக்கு 100 பேருக்குத்தான் குடியேற அனுமதி. கதவு அகலத் திறந்தது 1965 சட்டத்துக்குப் பிறகு. ஆகவே லெவிட்டவுனில் முதல் வீட்டுக்குக் குடிவந்தபோது அந்த வரிசையில் நிற்கவே நம்மில் ஆளில்லை. நின்றிருந்தாலும் சாவி கிடைத்திருக்காது.

1948-இல் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட ஷரத்துகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு பத்திரத்திலிருந்து ஷரத்து போயிற்று. பழக்கம் போகவில்லை. கறுப்பினக் குழந்தைகளைத் தங்கள் வீட்டில் விளையாட விட்ட இரண்டு வெள்ளைக் குடும்பங்களுக்குக் குத்தகையைப் புதுப்பிக்க 1950-இல் கம்பெனி மறுத்தது. இதே லெவிட் பென்சில்வேனியாவில் கட்டிய இன்னொரு லெவிட்டவுனில், 1957 ஆகஸ்ட்டில் மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதி குடிவந்தபோது நூற்றுக்கணக்கானோர் கூடிக் கல் எறிந்தார்கள். வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1968-இல்தான் வந்தது.

அதற்குள் இருபது வருஷம் ஓடிவிட்டது. எட்டாயிரம் டாலருக்கு விற்ற வீடு இன்று 5 லட்சம் டாலரைத் தாண்டி விலை போகிறது. முதலில் வாங்கியவர்கள் அதை வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள், கடன் எடுத்தார்கள், சொத்தாக விட்டுப்போனார்கள். அன்று சாவி மறுக்கப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகள் இன்றைய விலையைக் கொடுத்துத்தான் நுழைய வேண்டும். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ 52,000 பேர் இருந்த இந்த ஊரில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தார்கள். ஆசியர்கள் அதைவிடப் பல மடங்கு. மச்சு அறையானதற்கு ஐந்து வருஷம் போதுமானதாக இருந்தது. வாசற்படி விஷயம் வேறு. நம்மவர்கள் இன்று அங்கே கோலம் போட முடிவதற்கு நம் படிப்பும் உழைப்பும் காரணம் என்று சொல்லிக்கொள்கிறோம். உண்மைதான். ஆனால் 1960-களில் அந்தச் சட்டங்களுக்காகத் தெருவில் இறங்கிப் போராடியவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். அந்தக் கதவு வழியாகத்தான் நாமும் நுழைந்தோம்.

வில்லியம் லெவிட் 1968-இல் கம்பெனியை 92 மில்லியன் டாலருக்கு விற்றார். பெரும்பகுதி பணமாக அல்ல, பங்குகளாக. பங்கு விலை சரிந்தது, பின்னால் எடுத்த காரியங்களும் கைகூடவில்லை. 1994-இல் அவர் காலமானபோது அந்தச் செல்வத்தில் அதிகம் மிஞ்சியிருக்கவில்லை.

பிள்ளைகளைப் பார்க்க நியூயார்க் பக்கம் போகும் அன்பர்கள், சுதந்திர தேவி சிலையும் ஃபிளஷிங் கணபதி கோயிலும் பார்த்து முடித்த பிறகு ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்கலாம். மன்ஹாட்டனின் பென் ஸ்டேஷனில் லாங் ஐலண்ட் ரயிலைப் பிடித்தால் முக்கால் மணி நேரத்தில் ஹிக்ஸ்வில் வந்துவிடும். லெவிட்டவுனுக்குச் சொந்த ஸ்டேஷன் கிடையாது, அங்கிருந்து கார்தான் வசதி. ஊர் வரலாற்றுச் சங்கத்தார் பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றில் சிறிய காட்சியகம் வைத்திருக்கிறார்கள். திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. மாறாத அசல் வீடு ஒன்றைத் தெருவில் தேடாதீர்கள், அப்படியே நிற்பது மிக மிகக் குறைவு. பக்கவாட்டில் நின்று கூரையைப் பாருங்கள்.